இரண்டு பாம்புகளுக்கு நடுவே நிற்பது

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், உளுரு என்ற செம்பாறைக்கு அருகே ஒரு பண்பாட்டு மையம் இருக்கிறது. பாறையைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அரை நாளாவது அதற்கு ஒதுக்குங்கள்.

1985-ல் பாறையும் சுற்றியுள்ள நிலமும் அவற்றுக்கு உரிய ஆனங்கு மக்களிடம் திரும்பின. பத்து ஆண்டுகள் கழித்து, 1995-ல், இந்த மையம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் கிரெகரி பர்ஜஸ், வரைந்து முடித்த படத்தை நீட்டி ஒப்புதல் கேட்கவில்லை. அந்த மக்களோடு தங்கினார். அவர்கள் மணலில் கோடு கிழித்தும் ஓவியம் தீட்டியும் சொன்னவற்றிலிருந்து கட்டடம் உருவெடுத்தது.

கதையிலிருந்து தொடங்குங்கள். குனியா ஒரு மலைப்பாம்புப் பெண். லீரு என்போர் நச்சுப் பாம்பு வீரர்கள். அவர்கள் குனியாவின் உறவுப் பையனை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அவள் தன் தோண்டுகோலை எடுத்து, லீரு ஒருவனை அடித்து வீழ்த்தினாள். ஆனங்குகளுக்கு இது பழங்கதை அல்ல. நிலம் உருவானதும் மனிதர் நடந்துகொள்ள வேண்டிய முறையும் அடங்கிய ட்ஜுக்குர்பா என்ற நெறியின் ஒரு பகுதி.

அடுத்து, வெளியே நின்று வடிவத்தைப் பாருங்கள். கட்டடங்கள் இரண்டு. ஒன்று குனியா, மற்றொன்று லீரு. நெளியும் உடல்களோடு எதிரெதிரே கிடக்கின்றன. நடுவில் திறந்த வெளி. அங்கே நிற்கும்போது கதைக்குள்ளேயே நிற்கிறீர்கள். கதையைச் சுவரில் படமாக ஒட்டாமல் கட்டடத்தின் உடலாகவே ஆக்கியதுதான் இதன் பெருமை.

சுவரின் அருகே போங்கள். சுடாத மண்கற்களால் எழுப்பிய சுவர் அது. காலடியிலுள்ள செம்மண்ணோடு அதன் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேமராவை உள்ளே எடுக்காதீர்கள். மையத்துக்குள் படமெடுக்க அனுமதியில்லை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதைச் சொந்தக்காரர்களே தீர்மானிக்கும் இடம் இது. அந்த மரியாதையும் ரசனையில் சேர்ந்ததுதான்.

கடைசியாக, முட்டிட்ஜுலு நீர்ச்சுனைக்கு நடந்து போங்கள். குனியாவின் அடிகள் விழுந்த வடு என்று ஆனங்குகள் சொல்லும் ஆழ்ந்த பிளவுகள் அங்கே பாறையில் தெரியும். அவற்றைப் பார்த்துவிட்டு மையத்துக்கு ஒருமுறை திரும்பி வாருங்கள். காலையில் வெறும் வளைவுகளாகத் தெரிந்த சுவர்கள், இப்போது யார் என்று உங்களுக்குத் தெரியும்.