மேடையைக் காணாத உரையாசிரியர்

அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலுக்கு உரை எழுதப் புகுந்த இப்னு ருஷ்த் (1126–1198) இரண்டு சொற்களில் இடறினார். அபூ பிஷ்ர் மத்தா சுரியானியிலிருந்து அரபுக்குப் பெயர்த்த பிரதியில் துன்பியல் நாடகம் ‘மதீஹ்’ என்றும் இன்பியல் நாடகம் ‘ஹிஜா’ என்றும் ஆகியிருந்தன. அதாவது புகழ்ப்பாட்டு, வசைப்பாட்டு. மேடை நாடகத்தை அறியாத சூழலில் வாழ்ந்த அப்பேரறிஞர், அரபுக் கவிதையிலும் திருக்குர்ஆனிலும் எடுத்துக்காட்டுகளைத் தேடி அவற்றை விளக்க முயன்றார். ஸ்பானிய மொழி எழுத்தாளர் போர்ஹெஸ் 1947இல் இதைச் சிறுகதையாக்கினார். அக்கதையில் சன்னலுக்குக் கீழே சிறுவர்கள் முஅத்தினாகவும் தொழுகையாளராகவும் நடித்து விளையாடுகின்றனர். இப்னு ருஷ்த் பார்க்கிறார், தாம் தேடும் பொருள் அதுவே என்பதை உணராமல் ஏட்டுக்குத் திரும்புகிறார்.

அவருக்கு மேடை இல்லை. தஞ்சை மண்ணில் பிறந்த நமக்கு அந்தச் சாக்குக் கிடையாது.

கோடியக்கரை என்றதும் படித்தவர்களுக்குக் கல்கியின் பூங்குழலியும் பனிக்காலத்துப் பூநாரைகளும் நினைவுக்கு வரும். அவ்வூரில் வளர்ந்த எனக்கோ, திருவிழா இரவுகளில் விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகமே முதலில் நினைவுக்கு வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் வசனமுமே அதன் முதல். நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு வருவார்கள்; ஒத்திகை இல்லாமல் அன்றிரவே மேடையில் சந்திப்பார்கள். வாப்பா என்னை ஆர்மோனியத்துக்கு அருகே உட்கார வைப்பார்கள். பாடல் பிடிக்கும், பபூன் வந்தால் விழித்துக்கொள்வேன். ரசனை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் காது அங்கேதான் திறந்தது.

வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சென்றால் மெலட்டூர். அங்கு நரசிம்ம ஜயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளாவை நாற்பது வயதைக் கடந்த பின்னரே கண்டேன். நாயக்க மன்னர் அச்சுதப்பர் அளித்த ஊர் அது என்பது வழக்கு. 18ஆம் நூற்றாண்டில் தழைத்த மரபைச் சேர்ந்த மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களே அங்கு ஆடப்படுகின்றன. எல்லா வேடங்களும் ஆண்களுக்கே. நலிந்திருந்த இக்கலையை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஈ. கிருஷ்ணய்யர் முதன்மையானவர்.

முதலாண்டு எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோணங்கி குதித்தாடி வந்து போனான். பிறகு ஒவ்வொரு பாத்திரமும் தன் வருகைப் பாடலுக்கு ஆடி நுழைவதற்குள் எனக்குக் கண் சொருகிவிட்டது. மொழி விளங்கவில்லை என்று குறைப்பட்டேன். அரபு மவ்லிதைச் சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாமலே கேட்டு உருகி வளர்ந்தவன் சொல்லத்தக்க குறையா அது? மறு ஆண்டு கதையமைப்பைப் படித்துவிட்டுப் போனேன். மூன்றாம் ஆண்டு ‘பிரகலாத சரித்திர’த்தில் லீலாவதியைக் கண்டேன்.

மகனுக்கு நஞ்சூட்டும்படி கணவனால் ஏவப்படும் தாய் அவள். லீலாவதியாக நடித்துப் புகழ்பெற்றவர் எஸ். நடராஜன். ஆணொருவர் ஏற்ற வேடம் என்பது சிறிது நேரத்திலேயே மறந்துபோகிறது. நாடகத்தின் கனம் இரணியனின் கர்ச்சனையில் இல்லை. கிண்ணத்தை ஏந்திய கை முன்னே நீள்வதும் பின்வாங்குவதுமாக, ஒரே பாடலடி மீண்டும் மீண்டும் பாடப்படும் அந்த நேரத்தில் இருக்கிறது. உரைநடை நாடகமானால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். இங்கே இராகம் அவளை நகரவிடுவதில்லை, நம்மையும்தான்.

அப்போதுதான் இப்னு ருஷ்தின் உரையில் ஓரிடம் விளங்கிற்று. அச்சமும் இரக்கமும் எழுப்பும் நிகழ்ச்சிக்கு அவர் காட்டும் சான்று, மகனை அறுத்துப் பலியிடுமாறு நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. மேடையைக் காணாதவர், மேடையின் உயிர்நிலையைத் தொட்டுவிட்டிருக்கிறார்! இரு கதைகளும் ஒன்றல்ல. அங்கே கட்டளை இறைவனுடையது. தந்தையும் மகனும் பணிகின்றனர். இங்கே கட்டளையிடுபவன் தன்னையே இறைவன் என்பவன், பிரகலாதன் மறுக்கிறான். அவ்வகையில் இரணியன் நம்ரூதுக்கே நெருக்கமானவன். தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படுவது அவர்களது நம்பிக்கை. என் வழி அதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது. முகமூடிக்குரிய வழிபாடு தொடங்கும்போது எழுந்து பின்வரிசைக்குப் போய்விடுவேன். இதுவரை எவரும் இதைத் தவறாக எண்ணியதில்லை.

கோயில் சார்ந்த மேடைக்கு முஸ்லிம் ஏன் ஆதரவளிக்க வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாகூர் தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763) எழுப்பினார் என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். எதிர்த்திசையில் நாம் கொடுத்தது என்ன என்று கணக்கிட்டுப் பார்த்தோமா? வழிபாட்டுச் செலவு நம்முடையதன்று. ஆனால் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் தரும் ஊதியம், சிறுவர்களின் பயிற்சி, உடைகள் ஆகியவை கலையின் செலவு. மெலட்டூரில் ஆடுவோர் பலர் வெளியூர்களில் அலுவலகப் பணி செய்து, விழாவுக்கென ஊர் திரும்புவோர். பணத்தைவிட அவர்களுக்கு அரிதாகக் கிடைப்பது, நள்ளிரவுக்குப் பின்னும் எழுந்து போகாத பார்வையாளர்.

அதற்காகவே இதை எழுதுகிறேன் என்றால் முழு உண்மையாகாது. எனக்குச் சுயநலமும் உண்டு. ‘அலிபாதுஷா நாடகம்’, ‘அப்பாஸ் நாடகம்’, ‘தையார் சுல்தான் நாடகம்’ என நம் புலவர்கள் மேடைக்கென்றே பாடியவை உள்ளன. இலக்கிய வரலாறுகளில் அவற்றின் பெயர்களை அடுக்கிப் பெருமைப்படுகிறோம். அவற்றுள் ஒன்றையும் நான் ஆடக் கண்டதில்லை; என் நிலையும் குர்துபாவின் உரையாசிரியர் நிலைதான். அவற்றை ஆட வல்லவர்கள் எங்கோ தொலைவில் இல்லை. திருவிழாக் காலத்தில் ஆர்மோனியப் பெட்டியோடு கோடியக்கரையில் வந்து இறங்குகிறார்கள். சென்றமுறை அவர்களில் ஒருவரிடம் இந்நாடகங்களைப் பற்றிச் சொன்னேன். விடியும் நேரம், முகத்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாட்டை எழுதிக் கொடுங்க பாய், மெட்டு நாங்க பார்த்துக்கிறோம்” என்றார்.