ஒரு சோறு பதமாகுமா?

பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பெற்ற எக்ஸ் கதிர்ப் படங்களைத் திரட்டி, "மனித உறுப்பு அட்லஸ்" என்னும் தொகுப்பு ஒன்றை அறிஞர்கள் உருவாக்கி வருகின்றனர். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் லீ, கிளேர் வால்ஷ், கிரனோபிளில் பணியாற்றும் பால் டாபரோ முதலியோர் இதன் படமுறையை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு நூலை மதிப்பிடுவது போன்றே இத்தொகுப்பையும் மதிப்பிடுதல் தகும்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பழமொழி. நோய்க்கூற்று ஆய்வு நெடுங்காலமாக இதனையே நம்பி நடந்து வந்துள்ளது. உறுப்பின் ஒரு துணுக்கை மெல்லிய சீவல்களாக அரிந்து, நுண்ணோக்கியில் கண்டு, முழு உறுப்பின் நிலையை உய்த்துணர்வர். ஆனால், சோறு ஒரே நீரில் ஒரே தீயில் வேகிறது. நோயோ அவ்வாறு சீராகப் பரவுவதில்லை. கோவிட்-19 நோயால் இறந்தவரின் நுரையீரலில், ஓரிடம் பெரிதும் சிதைந்திருக்க வேறோரிடம் அவ்வளவு சிதையாதிருப்பதை இப்படங்கள் காட்டின. துணுக்கை மட்டும் கண்டவர் எவ்வாறு ஏமாறக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

மருத்துவமனையின் சி.டி. கருவி அரை மில்லிமீட்டர் அளவிலான கூறுகளையே தெளிவாகக் காட்டும். மென்மையான திசுக்கள் எக்ஸ் கதிரை மிகுதியாக உறிஞ்சாமையால் நிழலும் மங்கலாகவே விழும். எனினும், திசுவினூடே செல்லும் கதிரலையின் கட்டம் சற்றே மாறுகிறது. கிரனோபிளில் 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டுச் சீரிய எக்ஸ் கதிரைப் பெறுகின்றனர். அக்கதிர் உறுப்பைக் கடந்து சில மீட்டர் தொலைவு சென்றபின், அக்கட்ட மாற்றம் ஒளி நிழல் வேறுபாடாகப் பதிவாகிறது. முழு மூளையை ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர் நுட்பத்தில் படமெடுத்து, வேண்டிய இடத்தை அறுக்காமலே ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் வரை நெருங்கிப் பார்க்கலாம். இது அருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். கதிர் தருவது கறுப்பு வெள்ளைப் படமே. கண்ணைக் கவரும் வண்ணங்கள் கணிப்பொறியில் பின்னர்ச் சேர்க்கப்பெற்றவை. படப்புள்ளியின் அளவு வேறு, பிரித்தறியும் திறன் வேறு. ஒரு மைக்ரோமீட்டர்ப் புள்ளி அதே அளவுள்ள பொருளைத் தெளிவுறக் காட்டிவிடாது. உறுப்புகள் ஃபார்மலினில் பதப்படுத்தப்பெற்று ஆல்கஹாலில் ஊறியவை. இத்துணைக் கதிரை உயிருள்ளவர் உடல் தாங்காது.

இவையெல்லாம் சிறிய குறைகள். பெரிய குறை வேறு. உறுப்பினுள் ஒரு சோறு பதமாகாது என்று நிறுவியவர்கள், மனிதருள் மட்டும் அது பதமாகும் என்று கொள்ளலாமா? 2021இல் வெளியான ஆய்வுக்கு உறுப்பு ஈந்தோர் மிகச் சிலரே. உடற்கொடை அளிப்போர் பெரும்பாலும் முதியவர். குழந்தையின் இதயத்தையும் உழைக்கும் வயதினரின் சிறுநீரகத்தையும் அவர்களைக் கொண்டு அறிந்துவிட முடியாது. இத்தகைய கதிர் வளையங்கள் உலகில் சிலவே ஆதலின், தொகை விரைவில் பெருகுதலும் அரிது. ஆகவே, "மனித" என்னும் அடைமொழி இன்றைய நிலையில் தொகுப்பின் தகுதியை மிஞ்சி நிற்கிறது.

தொகுத்தோர் எதையும் மறைக்கவில்லை என்பதையும் கூறுதல் கடன். கொடையாளரின் வயது, பால், நோய் வரலாறு ஆகியவற்றைப் படங்களுடன் தந்துள்ளனர். படங்களையும் இணையத்தில் எவர்க்கும் கட்டணமின்றித் திறந்து வைத்துள்ளனர். பிறர் சரிபார்க்கவும் மறுக்கவும் இடந்தரும் இப்பண்பே தொகுப்பின் தலையாய சிறப்பு. வகுப்பறையில் இப்படங்களைக் காட்டும் ஆசிரியர், அவற்றோடு உள்ள கொடையாளர் குறிப்பையும் மாணவர்க்குப் படித்துக் காட்டுவாராக. அப்போதுதான் அவர்கள் காண்பது ஒருவரின் உறுப்பு என்பது நினைவில் நிற்கும்.