பூஜ்யத்தில் முடியும் ஒரு வரி

கடத்தாத ரப்பரில் கடத்தும் கரித்தூளைக் கலக்கிறோம். கலவையில் மின்சாரம் எவ்வளவு பாயும்? 1935-இல் டச்சு இயற்பியலாளர் புருக்மன் இத்தகைய கேள்விக்கு எழுதிய விடை ஒரே வரிதான். இரு பொருள்களின் கடத்துத்திறன் அ, ஆ; முதற்பொருளின் கனஅளவுப் பங்கு ப; கலவையின் கடத்துத்திறன் ம என்றால்:

ப(அ − ம)/(அ + 2ம) + (1 − ப)(ஆ − ம)/(ஆ + 2ம) = 0

இதன் முதல் அழகு நடுநிலை. 1873-இல் மாக்ஸ்வெல் தந்த வாய்பாட்டில் ஒரு பொருள் ஏந்தி நிற்கும், மற்றது அதில் கோளங்களாகச் சிதறிக் கிடக்கும். இடம் மாற்றினால் விடை மாறிவிடும். புருக்மனிடம் அந்த ஏற்றத்தாழ்வே இல்லை. அதைவிட நுட்பமானது ‘ம’ வந்து நிற்கும் இடம். ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி ரப்பரையோ கரியையோ காண்பதில்லை, கலவையையே காண்கிறது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத விடையையே சூழலாக வைத்து, துகள்கள் உண்டாக்கும் கலக்கம் மொத்தத்தில் பூஜ்யமாகட்டும் என்கிறார். என்ன துணிச்சல்!

ரப்பர் சற்றும் கடத்தாது என்று கொண்டு ஆ = 0 என எழுதுங்கள். இரண்டு வரியில் சுருங்கி ம = அ(3ப − 1)/2 என்று வந்து நிற்கும். கரி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்வரை மின்சாரம் பாயாது, தாண்டியதும் பாயும். அப்படியொரு வாசல் வேண்டும் என்று யாரும் சமன்பாட்டில் எழுதி வைக்கவில்லை. பகுதியில் அடக்கமாக இருக்கும் அந்த 2-தான் அதைப் பெற்றெடுக்கிறது. கோளத்துக்கு மூன்று பரிமாணம். அதில் ஒன்று குறைந்தால் 2. தளத்தில் பரவிய வட்டுகளுக்கு அது 1 ஆகும். வாசலும் பாதிக்கு நகரும். அங்கே இரு பொருளும் சரிபாதியாக இருந்தால் ம = √(அ × ஆ). இடம் மாற்றினாலும் தன்மை மாறாத தளக் கலவைகளுக்கு இந்த விடை துல்லியமானது என்று 1970-இல் ரஷ்ய இயற்பியலாளர் டைக்னே நிறுவினார். தோராயமாகப் பிறந்த சமன்பாடு அந்த ஒரு புள்ளியில் முழு உண்மையைத் தொட்டிருக்கிறது!

குறையும் உண்டு. முப்பரிமாணக் கலவைகளில் வாசலைத் தாண்டியதும் கடத்துத்திறன் நேர்கோட்டில் ஏறாது; தாண்டிய அளவின் ஏறத்தாழ இரண்டாம் அடுக்காக வளைந்தே ஏறும். கார்பன் நானோகுழாய்கள் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கலந்தாலும் பிளாஸ்டிக் கடத்தத் தொடங்கிவிடுவதுண்டு. அவை கோளங்கள் அல்ல, நீண்ட இழைகள். ஆகவே திருத்தம் தேடுபவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அந்த 2.