வழிகாட்டியின் பொம்மை

பயங்கரக் கதைகளை விரும்பிப் படிப்பவனல்ல நான். பேய் வந்தது, பெண் அலறினாள் என்று முடிந்துபோகும் கதைகளால் யாருக்கு என்ன லாபம்? அமெரிக்கக் கதாசிரியர் லவ்கிராஃப்ட் எழுதியவை அந்த ரகமல்ல. 1928-இல் 'வியர்டு டேல்ஸ்' பத்திரிகையில் வெளியான அவருடைய கதையில், கடலடியிலிருந்து எழுந்த க்துலு என்ற பூதத்தின் தலைமீது ஒரு மாலுமி தன் படகை மோதவிடுகிறான். தலை சிதறுகிறது, அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி ஒன்றுகூடிக்கொண்டிருக்கிறது. மனிதனுடைய செயலுக்கு அங்கே அர்த்தமே இல்லை.

2011-இல் வெளிவந்த 'டெராரியா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் அந்தக் க்துலுவின் பெயர் வருகிறது என்று பேரன் சொன்னதால்தான் அதன்முன் உட்கார்ந்தேன். மண்ணைத் தோண்டலாம், மரம் வெட்டலாம், வீடு கட்டலாம்; இன்னதுதான் செய்ய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது. ஓர் இரவு வானத்திலிருந்து க்துலுவின் கண் இறங்கி வருகிறது. வெறும் கண்; உடல் இல்லை. அருமையான கற்பனை! ஆனால் அம்பெய்து கொன்றால் அது உலோகத் தாதுவைப் போட்டுவிட்டுச் சாகிறது. அதை உருக்கிக் கோடரி செய்துகொள்ளலாம். 2015-இல் சேர்த்த 'மூன் லார்ட்' என்ற பூதமும் இப்படியே. உருவம் பெரிது, பயம் சிறிது.

விளையாட்டின் உண்மையான பயங்கரம் வேறிடத்தில் இருக்கிறது.

தொடக்கத்தில் நம் பக்கத்தில் ஒருவன் நிற்கிறான். வழிகாட்டி. எதை எதோடு சேர்த்தால் என்ன செய்யலாம் என்று சொல்லித் தருபவன். முதலில் கட்டும் குடிசையில் அவனுக்குத்தான் இடம். என் உலகத்தில் அவன் பெயர் கைல். பின்னால் பாதாளத்துக்கு இறங்கி அங்கே ஓர் அசுரனைக் கொன்றால், வழிகாட்டியின் பொம்மை கிடைக்கிறது. அதை நெருப்புக் குழம்பில் எறிந்தால் மேலே வீட்டிலிருக்கும் அவன் செத்துப்போகிறான். கண்ணும் வாயுமாக ஒரு சதைச்சுவர் பாதாளத்தின் உயரத்துக்கு எழுந்து துரத்துகிறது. எறியாவிட்டால்? ஒன்றும் ஆகாது. அவன் உயிரோடிருப்பான், நாமும் தோண்டிக்கொண்டிருக்கலாம். விளையாட்டின் பின்பாதி மட்டும் திறக்காது.

அந்தப் பின்பாதியும் சுகமானதல்ல. சுவரை வென்றபின் தீமை மண்ணிலும் கல்லிலும் வேகமாகப் பரவுகிறது. உலகத்தில் எத்தனை சதவீதம் கெட்டது என்று ஒரு வனதேவதை கணக்குச் சொல்கிறாள்.

லவ்கிராஃப்டின் பூதத்துக்கு மனிதன் ஒரு பொருட்டல்ல. இங்கே ஒரு மனிதனைப் பொருட்படுத்தாதவர்கள் நாமே. நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். என் கதையில் கொலை செய்கிறவன் யாரோ. வாசகர் சாய்வு நாற்காலியில் சௌகரியமாக இருக்கிறார். ஒரு குறை: பொம்மையின் குறிப்பிலேயே, வைத்திருப்பவனை மோசமான ஆள் என்று வேடிக்கையாகத் திட்டியிருக்கிறார்கள். சும்மா இருந்திருக்கலாம்.

பொம்மையோடு நான் வெகுநேரம் நின்றேன். "போடுங்க தாத்தா, வேற ஒருத்தன் வருவான்" என்றான் பேரன். போட்டேன். ஓடினேன். சுவர் என்னைக் கொன்றது. உடனே பிழைத்து வீட்டில் எழுந்தேன். அந்தச் சலுகை நமக்கு மட்டும். கைலின் அறை காலியாக இருந்தது.

பிறகு அந்த அறைக்கு ஒருவன் வந்தான். பெயர் ஜேக்கப். அதே முகம், அதே உபதேசம். சுவரோடு மறுபடி மோத இன்னொரு பொம்மை வேண்டும். அது இவனுடையது.