டிஸ்க் உரசினால் கேபிளைத் தொடாதீர்கள்

காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை வீதியால் சம்மாந்துறைப் பக்கம் மிதித்தால், ஊர் முடிந்ததும் இரு புறமும் வயல். காற்று ஓய்ந்த விடியற்காலையில் சைக்கிளின் சின்னச் சத்தமும் காதுக்கு எட்டும். முன் சில்லிலிருந்து வந்த 'சிக்... சிக்...' என்ற உரசலை அங்கேதான் முதலில் கேட்டேன்.

2022 இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது சைக்கிளுக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். பிறகு வாங்கியதுதான் இந்த மவுண்டன் சைக்கிள். கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிறேக், 160 மில்லிமீற்றர் டிஸ்க். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழி மழையில் றிம் பிறேக் பிடித்தால், றிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் வண்டி நிற்கும். சந்தியில் பஸ் திரும்பும் நேரத்தில் அதற்குள் ஓடிவிடும் இரண்டு மூன்று முழம் உயிர் போகிற தூரம். டிஸ்க் பிறேக் அந்த மழையிலும் அழுத்தியவுடன் பிடிக்கிறது. றிம் கொஞ்சம் கோணியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஆனால் பிறேக் பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த இடைவெளி. அது தவறினால் உரசல்தான். ஒரு கடையில் கொடுத்தேன்; கேபிளைத் தளர்த்தித் தந்தார்கள். சத்தம் குறைந்தது, ஆனால் லீவர் கைப்பிடிவரை வந்து முட்டியது. ஒரு பிள்ளை அந்தச் சைக்கிளில் போயிருந்தால் என்று நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வழி காட்டியவர் மாளிகைக்காட்டில் சைக்கிள் திருத்தும் ஒரு காக்கா. "சத்தம் ஓயாம வருதா, விட்டு விட்டு வருதா? அத முதல்ல கேளுங்க தம்பி" என்றார். சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். ஓயாமல் 'ஸ்ஸ்' என்றால், பேட்டுகளைத் தாங்கும் கலிப்பர் நடுவில் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் டிஸ்க் வளைந்திருக்கிறது. என்னுடையதில் இரண்டும் இருந்தன.

எதிலும் கை வைக்க முன், சைக்கிளை நிலத்தில் நேராக நிறுத்திச் சில்லின் பூட்டைத் தளர்த்தி, பாரம் சில்லில் இறங்கிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். பலருக்கு உரசல் இதிலேயே போய்விடும்.

எனக்குப் போகவில்லை. கலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, ரோச் லைட் அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது, உள்பக்கம் இருட்டு. என்னுடைய பிறேக்கில் வெளிப்பேட் மட்டுமே அசையும். அது டிஸ்கைத் தள்ளி, அசையாத உள்பேட்டோடு சேர்த்து நசுக்கும். அதனால் உள்பேட்டின் இடம்தான் முக்கியம். கலிப்பரின் இரண்டு போல்டையும் அது அசையும் அளவுக்குத் தளர்த்தி, உள்பேட்டுக்கும் டிஸ்குக்கும் இடையில் ஒரு விசிட்டிங் காட்டைச் செருகினேன். லீவரை அழுத்திப் பிடித்தபடி, இந்தப் போல்டில் அரைச்சுற்று, அந்தப் போல்டில் அரைச்சுற்று என்று மாறி மாறி இறுக்கினேன். ஒன்றையே முழுதாக இறுக்கினால் போல்டோடு சேர்ந்து கலிப்பரும் திரும்பிவிடும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. டோர்க் ரென்ச் இருந்தால் 6 முதல் 8 நியூட்டன் மீற்றர்.

டிஸ்கின் வளைவை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். உரசும் இடத்தைப் பேனையால் குறித்து, சுத்தமான துணி சுற்றிய அட்ஜஸ்டபிள் ஸ்பானரால் மெல்ல ஒரு நெம்பு, சுற்றிப் பார்த்து இன்னொரு நெம்பு. ஓடி வந்த சூட்டில் டிஸ்கைத் தொடக்கூடாது, சுடும். ஆறிய பிறகும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், விரல் எண்ணெய் ஒட்டும். 'கிறீச்' என்று சத்தம் வருகிறது என்று டிஸ்கில் எண்ணெய் அடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் குடித்த பேட் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். டிஸ்கைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்கஹோல் போதும்.

கடைசியாகக் கேபிள். பிறேக் பிடிக்காத நேரத்தில் கலிப்பரின் கை முழுதாகப் பின்னால் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து கேபிளின் தொய்வை மட்டும் எடுத்தால் போதும். பேட் தேயத் தேயக் கேபிளை இறுக்கிக்கொண்டே போனால் அந்தக் கை பாதி வழியிலேயே நிற்கும். இழுவையின் பலம் குறையும்.

எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். மறுநாள் அதே வயல் வீதியில் செயினின் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் ஊருக்கு டிஸ்க் பிறேக் ஏற்றதா? டிஸ்க் துருப்பிடிக்காத உருக்கு, அது தாங்கும். போல்டும் கேபிளும்தான் உப்புக் காற்றுக்கு முதலில் விழுகின்றன. கடற்கரை மணலில் ஓடிய அன்று நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வெயில் காலத்தில் கடைத்தெருவுக்குப் போய்வர மட்டும் என்றால் றிம் பிறேக்கே போதும்; பராமரிப்பும் குறைவு. கார்த்திகை தொடங்கித் தை வரை மழையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நான் டிஸ்கைத்தான் வாங்குவேன், ஒரு சோடி பேட்டும் ஒரு அலன் கீயும் சேர்த்து.