டவர் மண்டபம்: திருத்தப்பட்ட சுவர்களும் திருத்தப்படாத நினைவும்

மருதானையிலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கமாக நடப்பவர்களுக்கு, வாகன உதிரிப்பாகக் கடைகளின் இரைச்சலுக்கு நடுவே டவர் மண்டபத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் கண்ணிற்படும். ஸாஹிராக் கல்லூரியும் மருதானைப் பள்ளிவாசலும் அங்கிருந்து தூரமில்லை. நம்மவர்கள் அன்றாடம் புழங்கும் தெரு அது. ஆனாலும் அந்தக் கட்டடம் 'அவர்களுடையது' என்ற எண்ணத்துடனேயே நானும் நெடுங்காலம் அதைக் கடந்து சென்றிருக்கிறேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1911 டிசம்பர் 6 இல் ஜி. டொன் ஹென்ட்ரிக் செனவிரத்ன இம்மண்டபத்தைத் திறந்தபோது மேடையேறியது சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய'. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிங்கள நூர்த்தி நாடகத்தின் தலைமை மேடையாக அது விளங்கிற்று. 1930களில் பேசும்படம் வந்தது, நாடகம் ஒடுங்கியது, மண்டபமும் படமாளிகையாயிற்று. 1978 இல், அப்போது பிரதமராயிருந்த ஆர். பிரேமதாசவின் முயற்சியால் டவர் மண்டப அரங்க மன்றம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. கட்டடம் திருத்தப்பட்டு மீண்டும் நாடகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. முதிய கலைஞர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் பொறுப்பையும் அம்மன்றம் ஏற்றது. கல்லோடு கலைஞனின் வயிற்றையும் நினைத்த அந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது.

என் விமர்சனம் வேறோர் இடத்தில் ஆரம்பமாகிறது. நூர்த்தி எங்கிருந்து வந்தது? 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பம்பாயிலிருந்து கொழும்புக்கு வந்த பார்ஸி நாடகக் குழுக்களே அதற்கு வித்திட்டன. வரைந்த திரைச்சீலைகள், பகட்டான உடைகள், ஹார்மோனியம், இந்துஸ்தானி மெட்டுகள் யாவும் அவ்வழி வந்தவை. குழுக்களின் முதலாளிகள் பார்ஸிகள். மேடை மொழியோ பெரும்பாலும் உருது. பார்ஸி மேடையிற் புகழ்பெற்ற 'இந்தர் சபா'வை 1850களில் எழுதியவர் லக்னோவின் உருதுக் கவிஞர் ஆகா ஹஸன் அமானத்.

ஜோன் டி சில்வா தம் குழுவுக்கு 'ஆரிய சுபோத நாட்டிய சபை' என்று பெயரிட்டார். தமிழ்க் கூத்தின் வழிவந்த பழைய சிங்கள 'நாடகம'வின் இசை அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. 'ஆரிய' இசை வேண்டுமென்று விஸ்வநாத் லவ்ஜியை இந்தியாவிலிருந்து வரவழைத்தார். 1903 இல் மேடையேறிய 'சிறிசங்கபோ'வின் பாடல்கள் அவ்வாறு பிறந்தன. முரண்பாடு இங்கேதான் இருக்கிறது. தமிழை விலக்கித் தேடிப்பெற்ற அந்த வட இந்திய இசை, பல தலைமுறைகளாக முஸ்லிம் உஸ்தாத்மார் பேணி வளர்த்த இசை. தூய்மையைத் தேடிப் போனவர்கள் கலப்பையே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கலைக்கு அது நன்மையாகவே முடிந்தது.

ஆய்வாளர்கள் இதனை எழுதாமலில்லை. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர பார்ஸி நாடகத்தின் செல்வாக்கைப் பற்றிப் பேசியவர். 1956 இல் தமது 'மனமே'யில் அந்தப் பழைய 'நாடகம'வின் வடிவத்துக்கே திரும்பியவரும் அவர்தான். ஆனால் பொதுமனதில் டவர் மண்டபம் இன்றும் ஓரினத்தின் மறுமலர்ச்சிச் சின்னமாகவே நிற்கிறது.

இது வெறும் பெருமைக் கணக்கன்று. மண்டபம் திறந்து நான்கு ஆண்டுகள் கழியுமுன், 1915 இல், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கொழும்புக்கும் பரவியது. இந்துஸ்தானி மெட்டை ரசித்ததும் கடைகளை உடைத்ததும் ஒரே நகரம்தான். ரசனை தானாகவே மனிதரை இணைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். யாரிடம் கடன்பட்டோம் என்று தெரியாதவரை ரசனை உறவாக மாறுவதில்லை.

நம் பக்கத்திலும் குற்றம் உண்டு. 1947 இல் வெளிவந்த 'அசோகமாலா' படத்துக்கு இசையமைத்தவர் முஹம்மது கௌஸ் மாஸ்டர்; அதில் பாடியவர் மொஹிதீன் பேக். சிங்கள ரசிகர்கள் இவர்களைக் கொண்டாடினார்கள். நாமோ 'கூத்தும் பாட்டும்' என்று ஒதுக்கிவிட்டு, நம் இலக்கிய வரலாறுகளில் ஒரு பந்திகூட ஒதுக்கத் தயங்கினோம். நாமே எழுதாத பங்கை மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று முறையிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சுவரைத் திருத்த அரசும் சட்டமும் போதும். நினைவைத் திருத்த எழுத்து வேண்டும். நூர்த்தியின் முழுக்கதையையும் தமிழில் எழுதும் பொறுப்பு, அத்தெருவில் அன்றாடம் நடக்கும் நம்மையே சார்ந்தது.