ராஜா எழுதிய புத்தகத்தை எப்படி ரசிப்பது?

ராஜா எழுதிய புத்தகம் என்றதும் நம்மில் பலர் அதைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். சிலர் "ராஜாவே எழுதியதாயிற்றே" என்று கும்பிடுகிறார்கள். சிலர் "யாராவது பண்டிதர் எழுதிக் கொடுத்திருப்பார், இவர் பேரைப் போட்டுக்கொண்டிருப்பார்" என்று தள்ளிவிடுகிறார்கள். இந்த இரண்டு பழக்கமும் விலக, ஒரே ஒரு மன்னரை ஊன்றிப் படித்தால் போதும் என்பது என் கட்சி. அவர் முதலாம் ஜேம்ஸ். ஸ்காட்லாந்தில் ஆறாம் ஜேம்ஸ். 1603-இல் இங்கிலாந்தின் முடியும் சேர்ந்தபோது அங்கே முதலாம் ஜேம்ஸ். 'கிங் ஜேம்ஸ் பைபிள்' இவர் பெயரைத் தாங்கியதுதான். அது இவர் எழுதியதல்ல. இவர் ஏற்பாட்டில் அறிஞர்கள் மொழிபெயர்த்து 1611-இல் வெளியிட்டது. இவரே எழுதியவை வேறு: கவிதை, யாப்பு விதிகள், அரச தர்மம், பேய் பிசாசு, புகையிலை.

முதலில் இவருடைய அறிவைப் பற்றி ஊர் என்ன சொன்னது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்புவதற்காக அல்ல, சொன்னவர் யார் என்று பார்ப்பதற்காக. 1625-இல் இறுதிச் சடங்குப் பிரசங்கம் செய்த பிஷப் ஜான் வில்லியம்ஸ் இவரை, பைபிளில் ஞானத்துக்குப் பேர்போன மன்னர் சாலொமோனுக்கு ஒப்பிட்டார். வில்லியம்ஸ் இவர் அரசில் பெரிய பதவி வகித்தவர். 1650-இல் வெளிவந்த ஆன்டனி வெல்டனின் புத்தகமோ, வாய்க்குள் அடங்காத நாக்கும் தள்ளாடும் கால்களுமாக ஒரு கோமாளியை வரைந்தது. வெல்டன் இதே அரண்மனையில் வேலை பார்த்து, ஸ்காட்லாந்துக்காரர்களை இழிவாக எழுதியதால் வேலையை இழந்தவர் என்பார்கள். புத்தகம் வந்த சமயம் முடியாட்சியே ஒழிக்கப்பட்டிருந்தது. ஜேம்ஸின் மகன் சார்லஸின் தலை வெட்டப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. 'கிறிஸ்தவ உலகிலேயே மிகப் புத்திசாலியான முட்டாள்' என்ற பட்டம் இன்னும் பிரபலம். பிரான்ஸ் மன்னர் நான்காம் ஆன்றி சொன்னார் என்பார்கள், அவருடைய அமைச்சர் சுல்லி சொன்னார் என்றும் சொல்வார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பட்டம்தான் ஓடியது. 1983-இல் வரலாற்றாசிரியர் ஜென்னி வோர்மால்ட் ஒரு கட்டுரையில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: ஸ்காட்லாந்தில் திறமையாக ஆண்ட ஒருவர், எல்லை தாண்டி லண்டன் வந்ததும் எப்படி முட்டாளாக முடியும்?

அந்த விவாதத்தை அப்படியே விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு வாருங்கள். 'மன்னர் அறிவாளியா?' என்று கேட்டுக்கொண்டு படித்தால் ஒன்றும் கிடைக்காது. அறிவு எந்த வாக்கியத்தில் ஓடுகிறது, எந்த வாக்கியத்தில் நின்றுபோகிறது என்று கவனித்துப் படியுங்கள். ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

தொடங்க வேண்டியது 1604-இல் பெயர் போடாமல் வெளியிட்ட 'புகையிலைக்கு எதிர் அடி'. சின்னப் புத்தகம், ஒரு மாலையில் முடித்துவிடலாம். பழைய எழுத்துக்கூட்டல் கண்ணை உறுத்தினால், எழுத்துக்கூட்டலைத் திருத்திய பதிப்பை வாங்கிக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள். கண்ணுக்கு அருவருப்பு, மூக்குக்கு வெறுப்பு, மூளைக்குக் கேடு, நுரையீரலுக்கு ஆபத்து என்று புகை போகும் வழியிலேயே வாக்கியமும் வெளியிலிருந்து உள்ளே இறங்கி, நரகத்துப் புகையில் போய் முடியும். காது தேர்ந்தவர் எழுதிய வாக்கியம் அது. பதினெட்டு வயதிலேயே ஸ்காட்லாந்துக் கவிதைக்கு யாப்பு விதிகள் எழுதி அச்சிட்டவர் அல்லவா!

ஆனால் உண்மையான விருந்து நடுப்பகுதியில் இருக்கிறது. புகையிலை நோயைத் தீர்க்கிறது என்று அன்றைக்கு வைத்தியர்களே சொன்னார்கள். ஜேம்ஸ் அதை எப்படி மடக்குகிறார் பாருங்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது ஒருவன் புகைக்கிறான். உச்சத்தைத் தொட்ட நோய் தானாகவே இறங்குகிறது. பெயர் புகையிலைக்குப் போகிறது. புகைத்தவன் செத்துப்போனாலோ பழி வேறு ஏதாவது நோயின் மேல் விழுகிறது. கிழக் குடிகாரன், குடித்ததால்தான் இத்தனை வயது வாழ்ந்தேன் என்கிறான்; பாதி வயதிலேயே குடித்துச் செத்தவர்களை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்றுக்குப் பின் நடந்தது என்பதாலேயே அதனால்தான் நடந்தது என்று ஆகிவிடாது, பிழைத்தவர்களை மட்டும் எண்ணக்கூடாது என்று இன்று புள்ளியியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பாடங்களும் 1604-இல் ஒரு மன்னரின் பேனாவிலிருந்து வருகின்றன. புகைக்கும் கணவனோடு வாழ, மனைவி தானும் புகைக்க வேண்டும் அல்லது ஆயுள் முழுக்க அந்த நாற்றத்தைச் சகிக்க வேண்டும் என்று அவளுக்காகவும் பேசுகிறார். அந்த இடத்தில் எனக்கு இவர் மேல் நிஜமான மரியாதை வந்தது.

அதே புத்தகத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசி, அவர்கள் வழக்கத்தை நாம் ஏன் பின்பற்ற வேண்டும் என்றும் கேட்கிறார். அங்கே வாதம் கிடையாது, வசைதான். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அறிவு நின்றுபோன இடங்களில் அதுவும் ஒன்று. அவர் ஆட்சியிலேயே வர்ஜீனியாப் புகையிலை செழித்தது, கஜானாவும் அந்த வருமானத்தைச் சார்ந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. ஜேம்ஸ் 1615-இல் தாமஸ் ரோவைத் தூதராக அனுப்பியது முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு. ஜஹாங்கீரும் எழுதிய மன்னர். நினைவுக் குறிப்புகள் எழுதினார், 1617-இல் புகையிலைக்குத் தடையும் போட்டார். இரண்டு மன்னர்களின் எழுத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் சுவை கூடும்.

அடுத்து 'பசிலிகோன் டோரோன்', மூத்த மகன் ஹென்றிக்கு எழுதிய அரச தர்மம். 1599-இல் ஏழே பிரதிகள் அச்சிட்டு ரகசியமாக வைத்திருந்தார். 1603-இல் லண்டனில் எல்லோருக்குமாக வந்தபோது, தூய்மைவாதிகள் (பியூரிட்டன் கிறிஸ்தவர்கள்) மேல் வைத்த தாக்குதலுக்குச் சமாதானம் சொல்லும் நீண்ட முன்னுரை ஒன்று முளைத்திருந்தது. மகனுக்குப் பேசிய தகப்பனும், புதிய நாட்டு மக்களை நோட்டமிடும் மன்னரும் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். ஸ்காட்ஸ் மொழியில் அவர் கைப்பட எழுதிய பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பண்டிதர் எழுதிக் கொடுத்தது என்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

'டெமனாலஜி' (1597) கடைசியாகத்தான். சூனியம் உண்டு என்று நிறுவும் உரையாடல் நூல் இது. சந்தேகப்படுபவர் ஒருவர், விளக்குபவர் ஒருவர். டென்மார்க் இளவரசி ஆனுடனான திருமணத்தை ஒட்டிய கடற்பயணங்களில் புயல் அடித்தது. சூனியக்காரிகளின் வேலை என்று 1590-91-இல் நார்த் பெரிக் விசாரணைகள் நடந்தன. மன்னரே சிலரை விசாரித்தார். ஆக்னஸ் சாம்ப்சன் உள்ளிட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது இந்தப் புத்தகம். புகையிலை விஷயத்தில் எந்தத் தர்க்கப் பிழையை அத்தனை துல்லியமாகப் பிடித்தாரோ, அதே பிழையின் மேல்தான் இது நிற்கிறது: புயல் வந்தது, ஆகவே யாரோ ஏவினார்கள். மற்றவர்களின் நம்பிக்கையைச் சோதித்த அறிவு, தன் உயிர்ப் பயத்தைச் சோதிக்கவில்லை. ஞானஸ்நானத்தை உதறியவர்களைத் தண்ணீர் ஏற்காது, ஆகவே மிதப்பவள் சூனியக்காரி என்று விளக்குபவர் நிதானமாகச் சொல்லும் பகுதியைப் படிக்கும்போது, மிதந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதை மறக்காமல் படியுங்கள்.

பிற்காலத்தில் ஜேம்ஸ் மாறினார். 1616-இல் லெஸ்டரில், தனக்குச் சூனியம் வைத்திருப்பதாக ஒரு சிறுவன் சொன்னதை நம்பி ஒன்பது பெண்களைத் தூக்கிலிட்டார்கள். சில வாரங்களில் அந்த ஊருக்கு வந்த மன்னர் பையனைத் தானே விசாரித்து, அவன் நடிப்பதைக் கண்டுபிடித்தார். நீதிபதிகள் தலைகுனிந்தார்கள். அதே 1616-ஆம் ஆண்டு தேதியிட்டுத்தான் அவருடைய எழுத்துகளின் பெருந்தொகுப்பும் அச்சானது. 'டெமனாலஜி' அதிலும் இடம்பெற்றது.